முட்டை இல்லாத கூடு

“முட்டையை உறிஞ்சி எடுத்தாச்சுன்னு எத்தனை தடவை சொல்றது, அண்ணி? அதோ, அடுத்த தட்டுல மொட்டையா உட்கார்ந்திருக்கு!”

“எடுத்த லட்சணம்தான் தெரியுதே! இங்கே பஞ்சு வெடிச்ச மாதிரி விரிஞ்சு கிடக்கு.”

“கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்துத்தான் எடுத்தேன்.”

“விளக்கெண்ணெய் வழுக்கிடுச்சு போல.”

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஒரே ஆய்வுக்கூடத்தில்தான் வேலை. பன்றியின் முட்டை முதிரும்போது, அதைச் சுற்றியிருக்கும் செல்கள் வழவழப்பான ஒரு பசையைச் சுரந்து, கூடாகப் பின்னிக்கொண்டு விரியும். எலியில் முட்டையை எடுத்துவிட்டால் கூடு விரியாது; பன்றியில் முட்டை இல்லாமலும் அவை கூடு கட்டுமா என்பதுதான் நாத்தனாரின் சோதனை. உள்ளே முட்டை தங்கியிருந்தால் சோதனை பாழ். வேலையும் வேறொருத்தி கைக்குப் போய்விடும்.

அண்ணி நுண்ணோக்கியில் குனிந்தாள். கூட்டின் நடுவே முட்டை அளவுக்கு உருண்டையாக ஒரு காலியிடம். ஊசியை விட்டுத் துழாவினாள். எதுவும் தட்டுப்படவில்லை.

“சரிடி, நீ சொன்னதுதான். உள்ளே ஒண்ணுமில்லை. பன்றிச் செல்லுக்கு முட்டையோட தயவு வேண்டியதில்லை. தைரியமா எழுதிக் கொடு.”

“இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே!”

தட்டைச் சூட்டுப்பெட்டியில் வைத்துவிட்டு இருவரும் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்ததும், படம் பிடிப்பதற்காக நாத்தனார் அதை மறுபடி நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். படம் பிடிக்கவில்லை.

“அண்ணி, கருப்பிடிச்ச முட்டைதானே ரெண்டாப் பிரியும்? இந்தக் காலியிடம் ஏன் பிரிஞ்சிருக்கு?”