இடது பெட்டிக்கு என்ன நோய்

காகிதம் உரியவே இல்லை.

அவன் ஸ்பீக்கருக்குப் பின்னால் மண்டியிட்டு நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். ஒரு மூலை மட்டும் பிய்ந்து வந்தது. பச்சை மையில் 'நோயாளி' என்று எழுதியிருந்த எழுத்து அப்படியே இருந்தது. என்ன பசையைப் போட்டுத் தொலைத்தாரோ!

எழுதி ஒட்டியவர் சென்னியப்பன். போன வாரம்வரை இந்த இரண்டு ஸ்பீக்கர்களும் அவருடையவை. இடுப்புயரப் பெட்டிகள், ஒவ்வொன்றும் முப்பது கிலோ.

இப்போது அவர் வந்துகொண்டிருந்தார். நோயாளியைப் பார்க்க.

பழைய ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் இரண்டு வருடமாக அவர் எழுதியது ஒரே புலம்பல்தான். வலது பெட்டி தங்கம். இடது பெட்டிக்குத் தொண்டை கட்டிவிட்டது. வயரை மாற்றினேன். ஆம்ப்ளிஃபயரை மாற்றினேன். உள்ளே இருக்கும் சின்ன ஸ்பீக்கரையே புதிதாகப் போட்டேன். ம்ஹூம்.

பெட்டிகளை இடம் மாற்றி வைத்துப் பாருங்கள் என்று யாரோ பதில் எழுதினார்கள்.

அதை மட்டும் அவர் செய்யவில்லை. கணபதி பக்கம் ஒரு பம்ப்செட் பட்டறையில் வேலை செய்கிறவர் இல்லையா, மோட்டாரை இறுக்குவது போல இரண்டையும் தரையோடு போல்ட் போட்டு இறுக்கி வைத்திருந்தார். அதிரக் கூடாதாம்.

கடைசியில் வெறுத்துப்போய் இவனிடம் விற்றுவிட்டார்.

வாங்கிவந்த அன்றே அவன் இடம் மாற்றிப் பார்த்தான். நோயாளியை வலப்பக்கம் வைத்துக் கேட்டான். மறுபடி இடப்பக்கம் வைத்துக் கேட்டான். நாலு நாளாக இதே வேலை. கூடப் பிடித்துத் தூக்கிய மனைவிக்குச் சலித்துவிட்டது.

"ரெண்டும் ஒரே மாதிரித்தானுங்க கேக்குது. எதுக்கு இந்த அக்கப்போரு?"

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடிச்சது யோகம், நல்ல ஜோடி!

அப்புறம்தான் உறைத்தது.

பெட்டியில் ஒன்றுமில்லை என்றால்?

தன் காதுதான் மந்தமோ என்றுகூடப் பயந்தான். கைக்கடிகாரத்தைக் கழற்றி இரண்டு காதிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான். டிக் டிக் என்று நன்றாகவே கேட்டது.

காலையில் சென்னியப்பன் போன் செய்தார். "இருங் தம்பி, அந்தப் பக்கம் மாத்திக்கறேன். இந்தப் பக்கம் வெச்சா போனு சரியாக் கேக்க மாட்டீங்குது."

பட்டறையில் அவருக்கு மோட்டாரைச் சோதிக்கும் வேலை. ஓடுகிற மோட்டாரில் ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஊன்றி, பிடியை இடது காதில் வைத்துக் கேட்பார். முப்பது வருடமாக அந்தக் காதில்தான். அவர் தலையாட்டினால்தான் மோட்டார் லாரியில் ஏறும். அப்படி ஏறியவற்றில் மூன்று இரைச்சலோடு திரும்பி வந்துவிட்டன என்று, ஸ்பீக்கரைக் கொடுத்த அன்று, பேரிங் செய்து கொடுப்பவனை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தார்.

வயர் லூசாக இருந்தது, சரி செய்துவிட்டேன் என்று சொல்லிவிடலாமா?

சொன்னால் உட்கார்ந்து கேட்பார். கேட்டால் தெரிந்துவிடும். சொல்லவும் பயம், சொல்லாமல் விடவும் பயம்.

நேற்று கடைசியாக மாற்றியதில் நோயாளி வலப்பக்கம் நின்றுவிட்டது. மனைவி சந்தைக்குப் போயிருந்தாள். ஒற்றை ஆளாக நகர்த்தினால் இடுப்பு போய்விடும். காகிதத்தையாவது கிழித்துவிட வேண்டும்.

அழைப்பு மணி அடித்தது.

"வாங்ணா."

சென்னியப்பன் தண்ணீர்கூட வாங்கவில்லை. நேராகப் போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போடுங் தம்பி."

நாகஸ்வரம் போட்டான்.

கண்ணை மூடிக் கேட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை, முகம் கோணியது.

"பாத்தீங்களா? பீச்சாங்கைப் பக்கம் அப்படியேதான் இருக்குது. போயும் போயும் இதை உங்க தலையில கட்டிப்போட்டனேன்னு எனக்குத் தூக்கமே இல்லீங்."

 

அவர் எழுந்து இடது பெட்டிக்குப் பின்னால் போனார். அதன் முதுகைத் தட்டிக்கொடுக்கிறவர் போலக் குனிந்து கையை நீட்டினார்.

அங்கே காகிதம் இல்லை.

அவனைப் பார்த்தார். பிறகு வலது பெட்டிக்குப் போனார். பிய்ந்து நின்ற மூலையை விரலால் நீவி ஒட்டினார்.

"எப்ப மாத்துனீங்?"

"நேத்துங்ணா."

"உங்களுக்கு ரெண்டும் எப்படிக் கேக்குது?"

"ஒரே மாதிரித்தானுங்ணா."

சொல்லிவிட்டான். பாவி, சொல்லியேவிட்டான்.

"ஸ்க்ரூடிரைவர் இருக்குதுங்களா?"

எடுத்துக் கொடுத்தான்.

நுனியை 'நோயாளி'யின் பக்கவாட்டுப் பலகையில் ஊன்றினார். பிடியை இடது காதில் வைத்தார். நாகஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் வைத்திருந்தார்.

பிறகு வலது காதுக்கு மாற்றினார்.

உடனே எடுத்துவிட்டார்.

"பேரிங்காரன் மேல தப்பில்லீங் தம்பி" என்றார்.