மண் தின்ற துணி

பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு மாதத்துக்கு முன் புதைத்த வெள்ளைப் பருத்தித் துணிகளை இப்போது தோண்டி எடுக்கிறாள். வேளாண் சூழலியல் முதுகலை படிக்கிறாளாம். மண்ணில் உயிர் இருந்தால் துணி மட்கிவிடுமாம், அதைத்தான் சோதிக்கிறாள். பல்கலைக்கழகத் தோட்டத்தில் இடம் கிடைக்காததால் வீட்டுக்குப் பின்னாலேயே இரண்டு பாத்தி. பேராசிரியர் வந்து நிற்கிறார். அவர் திருப்தியாகிக் களப்பணிப் படிவத்தில் கையெழுத்திடாவிட்டால் அவளுக்கு ஒரு வருடம் வீண். நான் மதிலோரச் செடிக்கு மூன்றாவது தடவையாகத் தண்ணீர் ஊற்றுகிறேன். "செடி பாவம்க்கா, விட்டுடுங்க," என்கிறாள் அவள், திரும்பாமலே. பேராசிரியர் சிரிக்கவில்லை. "வெறும் மண்ணுல வெச்சது எங்கேம்மா?" அவள் நீட்டும் துணி அழுக்கேறியிருக்கிறதே தவிர முழுசாக இருக்கிறது. "தழை போட்டு மூடின பாத்தியில?" அவள் இரண்டு விரலால் மெல்லத் தூக்குகிறாள். ஓரம் அடித்த நைலான் நூல் மட்டும் சதுரமாகத் தொங்குகிறது. நடுவில் துணியே இல்லை. மாலை வெயில் அதற்குள் புகுந்து அவள் கழுத்தில் விழுகிறது. "மீதி?" "மண்ணு தின்னுடுச்சு சார்." அவர் மண்டியிட்டு ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்கிறார். நெடுநேரம் முகர்கிறார். கை கழுவாமலே கையெழுத்திடுகிறார். படிவத்தில் ஒட்டிய மண்ணை அவள் துடைக்கப் போகிறாள். "இருக்கட்டும்மா," என்கிறார்.