ஐயாவின் விரல்

கல்லூரியின் புதிய கணினிக்கூடத்தில் முதல் கணினிக்கு விண்டோஸ் ஏற்றித் தொடங்கிவைக்கச் சிறப்பு விருந்தினர் மாலையும் கழுத்துமாக வந்து நின்றார். ஆய்வக உதவியாளர் பூங்கோதை விண்டோஸ் இருந்த பென்டிரைவைச் செருகிக் கணினியை ஆன் செய்தாள். ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லிக் கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது. அது ஐந்து நொடிதான் நிற்கும். அதற்குள் அழுத்தினால்தான் வேலை தொடங்கும்; தவறினால் கணினியை அணைத்து மறுபடி ஆன் செய்ய வேண்டும். விருந்தினர் விரலை நீட்டினார், மாலையைச் சரிசெய்தார், புகைப்படக்காரரைப் பார்த்து நிமிர்ந்தார், “இந்தப் பொன்னான தருணத்தில்” என்று ஆரம்பித்தார். வரி மறைந்துவிட்டது. இரண்டாம் முறை பென்டிரைவுக்குக் குங்குமம் வைத்தார்கள். மூன்றாம் முறை கிழக்கு பார்த்த துளையில் செருகச் சொன்னார்கள்.

“பென்டிரைவ் சரியில்லம்மா,” என்றார் தாளாளர்.

“அது நல்லாத்தான் சார் இருக்கு. வரி வந்ததும் ஐயா டக்குனு அமுக்கணும்.”

“ஐயாவையே அவசரப்படுத்துறியா நீ?” தாளாளர் சிரித்த முகம் மாறாமல் அவள் காதருகே குனிந்தார். “இந்தத் தடவையும் சொதப்பினா நாளைலேருந்து வேலைக்கு வராத.”

நான்காம் முறையும் வரி வந்தது. விருந்தினர் விரலை அந்தரத்தில் நிறுத்திக் கேமராவுக்குப் புன்னகைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. பூங்கோதை அந்த விரலுக்கு அடியில் கையை விட்டு விசைப்பலகையில் ஒரு தட்டு தட்டினாள். திரை நீலமாக விரிந்து விண்டோஸ் ஏறத் தொடங்கியது. யாரும் கைதட்டவில்லை. கையை எடுக்காமலே அவள் புகைப்படக்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.

“இப்ப எடுங்கண்ணே.”