துண்டுக்குள் போன விலை

முப்பது தோட்டா கொள்ளும் மேகசின் எந்தக் கடைக்கு வந்தாலும் தவமணி வாங்கிவிடுவாள். அவளிடம் துப்பாக்கி கிடையாது. மகன் சேந்தனிடம் இருந்தது. அதில் மாட்ட மேகசின்தான் இல்லை. மாட்டினால் மறுநாளே சண்டைக்கு மலையேறிவிடுவான். ஏறியவர்கள் யாரும் இறங்கியதில்லை. அழுதுகொண்டே வாங்கினாலும் சந்தை விலையை ஏற்றத்தான் செய்யும். நூறுக்கு விற்றது ஐயாயிரத்தில் வந்து நின்றது. அவள் காதும் கழுத்தும் வெறுமையாகிவிட்டன. அன்று மிச்சமிருந்த ஒரே மேகசின் பாவா ராவுத்தர் கடையில் இருந்தது. தாயும் மகனும் ஒன்றாக வந்து நின்றார்கள்.

"யாவாரத்துல தாயும் புள்ளையும் எனக்கு ஒண்ணுதான். மொதல்ல கை நீட்டுறவங்களுக்கு மொதப் பேச்சு," என்றார் ராவுத்தர்.

தவமணி நீட்டினாள். மாட்டுச்சந்தையில் பழகிய மனிதர், அவள் கைமேல் துண்டைப் போட்டு மூடினார். விரலுக்கு ஆயிரம் என்பது கணக்கு. உள்ளே அவள் ஐந்து விரலையும் விரித்தாள். அவர் ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே வந்தார். சுண்டுவிரல் மட்டும் நின்றது. சற்று யோசித்து அதையும் மடக்கி, அந்தக் கையை அப்படியே பொத்திக்கொண்டார்.

"முடிஞ்சுது. அந்த வெலை உன்னால ஆகாது தம்பி."

"எவ்வளவுக்கு ராவுத்தரே?"

"துண்டுக்குள்ள போன வெலையை வெளிய சொல்ற வழக்கம் உண்டாப்பா?"

சேந்தன் வெறும் துப்பாக்கியைத் தோள் மாற்றினான்.

"சோறு ஆறிடும், வா," என்றாள் தவமணி, நின்ற இடத்திலிருந்தே.

அவன் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் இரண்டு கைகள் இன்னும் பிரியவில்லை.