பெட்டிக்காரர் வந்திருக்கிறார்

பூகோள வாத்தியார் வேலையை விட்டுவிட்டு ஐஸ் பேக்டரி தொடங்கியவன் நான். துருவப் பிரதேசத்தை நடத்திச் சம்பாதித்ததைவிட உறைபனியை விற்றுச் சம்பாதித்தது அதிகம். பிழைத்த பாவத்துக்கு ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தேன், கண் முகாம் நடத்தினேன். எதுவும் யார் நினைவிலும் நிற்கவில்லை. சாவு வீடுகளுக்கு இலவசமாக அனுப்பும் குளிர்பெட்டி மட்டும் நின்றுவிட்டது. “ஜெபமணி சாருக்குச் சொல்லியாச்சா?” என்று யாராவது கேட்டால், ஆள் போய்ச் சேர்ந்தாயிற்று என்று பொருள். அதனால் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்க நான் போவதில்லை. போனால் வீட்டார் அழத் தொடங்கிவிடுகிறார்கள்.

ஆனால் மாசானமுத்துவை எப்படிப் பார்க்காமல் இருப்பது? என்னோடு வேலை பார்த்த டிரில் மாஸ்டர். டாக்டர் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார். என்னைக் கண்டதும் அவர் மனைவி கதவைப் பாதி சாத்தினாள்.

“அண்ணாச்சி, அவுக நல்லாத்தான் இருக்காக. நீங்க போயிட்டு வாங்க.”

உள்ளேயிருந்து குரல் வந்தது. “விடு, கனி. சார் மட்டுந்தான வந்திருக்காரு? பெட்டி வரலைல்லா?”

கட்டிலில் ஆறடிக்கு மேல் எலும்பாகக் கிடந்தார். பழைய கதை பேசத்தான் போனேன். என் பாழாய்ப்போன கண்கள், என்னைக் கேட்காமலே, அவர் தலையிலிருந்து பாதம்வரை ஒருமுறை போய்வந்தன. அவர் பார்த்துவிட்டார்.

“என்ன வே, பெட்டி கொள்ளாதா?”

“சும்மா கெடயும் வே” என்றேன்.

அவர் சிரித்தபடி, முழங்கால்களை மெதுவாக மடக்கிக்கொண்டார்.

“இப்ப?”