பச்சை விளக்கு

முதலில் சிப்பாயாகச் சேர்ந்து, அங்கிருந்தே ராணுவ அதிகாரிகள் கல்லூரிக்குப் போய்விட வேண்டும் என்பது கலாவின் பிடிவாதம். இன்று அந்தக் கல்லூரிக்கான கடைசித் தேர்வு: முகாமிலிருந்து வீட்டோடு வீடியோவில் பேச வேண்டும். பேசும்போது திரையின் மூலையில் அவள் நெஞ்சுத் துடிப்புக்கு ஒரு விளக்கு எரியும். பதறினால் சிவக்கும், சிவந்தால் இடம் போய்விடும். அதனால் அவள் அம்மா பவுனு காலையிலிருந்தே கண்ணாடி முன் நின்று சிரித்துப் பழகியிருந்தாள்.

"அப்பா எங்கம்மா?"

"குளிக்கிறாரு கண்ணு."

"போன தடவையும் குளிச்சாரு. எருமையா அவரு, தண்ணிய வுட்டு ஏறவே மாட்டாரா?"

சிரிக்கத்தான் பவுனு வாயைத் திறந்தாள். அழுகை வந்துவிட்டது. "ஆஸ்பத்திரியில கெடக்காருடி. மாடியிலேர்ந்து வுழுந்துட்டாரு. இன்னும் கண்ணு முழிக்கல."

சொன்ன வாயைப் பொத்திக்கொண்டு விளக்கைப் பார்த்தாள். பச்சையாகவே இருந்தது.

"சரிம்மா. டாக்டர் என்ன சொல்றாரு?" என்றாள் கலா, அதே குரலில். அவளுக்குப் பின்னால் யாரோ கைதட்டினார்கள். "எடம் கெடைச்சிருச்சும்மா."

வீட்டில் கோழி அறுத்தாலே அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அழுத பிள்ளை அது. ஒரே ஒரு தடவை சிவந்துவிடேன் என்று பவுனு அந்த விளக்கைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.