கைப்பிடி இல்லாத வால்வு

"வால்வை இறுக்கி மூடி, கைப்பிடியையும் கழட்டிட்டாங்க லா. அப்புறம் எப்படி டேங்க்ல தண்ணி ஏறும்?" என்றார் பிளம்பர் செல்வராஜ்.

ருக்சாருக்குச் சுருக்கென்றது. சிங்கப்பூரின் சிராங்கூன் பக்கமிருந்து எப்போதாவது வந்து, உம்மா ஆமினா பீவியோடு ஒரு டீ குடித்துவிட்டு ஓடுகிறவள் அவள். இந்தக் குவீன்ஸ்டவுன் வீட்டில் உம்மாவோடு நாளெல்லாம் இருப்பது அண்ணன் மனைவி ரஷீதாதான்.

இன்று பார்த்தால், உம்மாவின் கழிப்பறையில் ஃபிளஷ் வேலை செய்யவில்லை. பக்கத்தில் கழுவிக்கொள்ளும் ஹோஸ் குழாயிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. மூலையில் ஒரு வாளித் தண்ணீர் மட்டும் இருந்தது.

"வயசான மனுஷிக்குத் தண்ணியக்கூட அளந்துதான் வெப்பீங்களா மைனி?"

ரஷீதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, அது அப்படியே இருக்கட்டுமே என்றதோடு நிறுத்திக்கொண்டாள். கஞ்சத்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று பொருமினாள் ருக்சார்.

செல்வராஜ் புது வால்வு பொருத்தி, தொட்டிக்கு ஒன்றும் ஹோஸுக்கு ஒன்றுமாகக் குழாய் இணைத்துவிட்டுப் போனார். தொட்டி நிறையும் சத்தம் கேட்டு ருக்சாருக்கு மனம் குளிர்ந்தது. பெற்ற மகள் வந்து பார்த்தால்தான் எதுவும் நடக்கிறது.

அஸர் தொழுகைக்கு நேரமானது. உம்மா ஒளு செய்யப் போனார். கை, முகம் கழுவி, ஹோஸைத் திறந்து காலையும் கழுவிக்கொண்டு வந்து தொழுகை விரிப்பில் நின்றார்.

"ஒளு செய்யாம நிக்கிறேனே" என்று முணுமுணுத்துத் திரும்பவும் போனார். வந்தார். விரிப்பைப் பார்த்தார். மறுபடியும் போனார். தரையெல்லாம் தண்ணீர். கால் வழுக்கிச் சாய்ந்தவரை ருக்சார் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தாள்.

"போன மாசம் இப்படித்தான் விழுந்தாங்க, அதான் வால்வ மூடி வெச்சேன்" என்றாள் ரஷீதா. "வாளித் தண்ணின்னா நானே கூட நின்னு ஊத்துவேன். முடிஞ்சுது மாமின்னு சொன்னா நம்பிடுவாங்க."

இதை ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று ருக்சார் கேட்டாள். ரஷீதா துடைக்கத் துணி எடுக்க உள்ளே போனாள்.

உம்மா ருக்சாரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, முகத்தருகே குனிந்து ரகசியமாகச் சொன்னார்:

"ரஷீதா, எனக்கு மறந்து மறந்து போறத ருக்சார்கிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. எம்புள்ள தாங்க மாட்டா."